பழைய காருக்குக் கட்டுப்படியாகும் செலவில் சீட் உறை: காவிரி டெல்டா வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் கொட்டகையில் ஓர் அம்பாசடரோ, பியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ இன்னும் நின்றுகொண்டிருப்பது அரிதான காட்சியல்ல. எஞ்சின் வேலைக்குக் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் எப்படியோ அகப்பட்டுவிடுகிறார். சீட்டு என்று வரும்போதுதான் வீட்டாருக்குத் திகைப்பு ஏற்படுகிறது. ஒரு கடையில் சொல்லும் தொகை மலைக்க வைக்கிறது, இன்னொரு கடையில் மாட்டிக் கொடுக்கும் உறை பொருந்தாமல் தொங்குகிறது. அதிகச் செலவில்லாமல் இந்த வேலையை முடிக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

என் காருக்கு ரெடிமேட் சீட் கவர் கிடைக்குமா?

அம்பாசடர் என்றால் கிடைக்கும். மற்றவற்றுக்கு அநேகமாகக் கிடைக்காது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 வரை நீடித்தது. டாக்சியாகவும் அரசு வாகனமாகவும் அது நாடெங்கும் ஓடியதால் அதற்கான உறைகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிற்கால மாடல்களின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர் இருந்த பழைய வண்டிகளில் முன்சீட்டு முழு நீளத்துக்கும் ஒரே பெஞ்சாக இருக்கும். தரையில் கியர் வந்த பிறகு பல வண்டிகளில் அது இரண்டு தனிச் சீட்டுகளாகப் பிரிந்துவிட்டது. வருடத்தை மட்டும் சொல்லி உறை வாங்கினால் ஏமாற நேரிடும். முன்சீட்டு பெஞ்சா, தனிச் சீட்டா என்பதையும் சாய்மானத்தின் உயரத்தையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பியட் வழிவந்த பிரீமியர் பத்மினி, ஹெரால்டு, மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற வண்டிகளுக்கு அளவெடுத்துத் தைப்பதே வழி. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் இலாஸ்டிக் உறைகள் தலைச்சாய்ப்பு உள்ள இக்காலச் சீட்டுகளை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. பழைய சீட்டுக்குத் தலைச்சாய்ப்பு கிடையாது என்பதால், உறையைப் பிடித்து நிறுத்த மேலே ஒன்றும் இல்லாமல், கும்பகோணத்திலிருந்து புறப்பட்டுப் பாபநாசம் போய்ச் சேர்வதற்குள் அது முதுகுக்குக் கீழே சுருண்டுவிடும்.

மேலுறையை மட்டும் மாற்றினால் போதாதா? சீட்டைப் பிரித்தே ஆக வேண்டுமா?

செலவு எவ்வளவு ஆகும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். கடைக்குப் போகும் முன்பே வீட்டில் இதற்கு விடை கண்டுவிடலாம். பழைய கார்கள் பலவற்றில் பின்சீட்டின் அடிப்பகுதியைச் சற்றுத் தூக்கி முன்பக்கம் இழுத்தால் கையோடு வந்துவிடும். அதை வெளியே எடுத்துத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் கோணிச் சாக்கு, அதன்மேல் தென்னை நாரோ பஞ்சோ ஃபோமோ, அதன்மேல் காடாத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே ரெக்சின் என்ற வரிசை தெரியும். சீட்டைத் தட்டும்போது செம்மண் நிறத்தில் துருப்பொடி கொட்டினாலோ, சாக்கு இற்றுப்போய் ஸ்பிரிங் நேரடியாக நாரைக் குத்திக்கொண்டிருந்தாலோ, மேலே எத்தனை விலையுயர்ந்த உறையைப் போட்டாலும் சில மாதங்களுக்குள் அதே இடத்தில் மீண்டும் கிழியும். கிழிசல் உட்காரும் இடத்தின் நடுவில் இருந்தால் தவறு பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. தையல் ஓரத்தில் இருந்தால் நூல்தான் இற்றிருக்கிறது.

உள்வேலை பயமுறுத்தும் அளவுக்குச் செலவு வைப்பதில்லை. முறிந்த சட்டத்துக்கு வெல்டிங் பட்டறையில் ஒட்டுப் போட்டு, துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, விட்டுப்போன ஸ்பிரிங்குகளைக் கம்பியால் இழுத்துக் கட்டி, புதிய சாக்கை விரித்துக் கோணூசியால் சுற்றிலும் தைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் வைக்கும் மெத்தைக்கு இரண்டு வழிகள் உண்டு. ரப்பர் பால் தெளித்து அழுத்திய நார்த் தகடு காற்றோட்டம் உள்ளது, நம் வெயிலுக்கு ஏற்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை நார் சார்ந்த தொழில்கள் நடப்பதால் டெல்டாவாசிகள் முதலில் அந்தப் பக்கம் விசாரிக்கலாம். இரண்டாவது ஃபோம். ஃபோம் வாங்கும்போது தடிமனைக் கேட்காமல் டென்சிட்டியை, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதை, கேளுங்கள். உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டியும் சாய்மானத்துக்கு 32 டென்சிட்டியும் போட்டால் நெடுநாள் அமுங்காது. மலிவான, டென்சிட்டி குறைந்த ஃபோம் கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது மிகவும் மெத்தென்று இருக்கும். ஆனால் விரைவில் தட்டையாகிவிடும், மேலுறை தொளதொளத்துச் சுருக்கம் விழும், உடனே பழி டெய்லர்மேல் போடப்படும்.

கையில் இருக்கும் தொகை குறைவானால் உள்ளே தாராளமாகவும் வெளியே சிக்கனமாகவும் செலவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கடைகளில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும், ஏனென்றால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது மேலுறை மட்டுமே.

எந்தப் பொருளில் தைப்பது நல்லது?

நம் ஊரில் ஓடிய அம்பாசடரும் பியட்டும் பெரும்பாலும் ரெக்சின் போர்த்திய சீட்டுகளோடு வந்தவை. எனவே ரெக்சின் போடுவது பழைமைக்கு மாறானது ஆகாது. அதிலும் பல தரம் உண்டு. மீட்டர் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஐந்நூறைத் தாண்டியும் போகிறது. விலையைவிட முக்கியம் அதன் முதுகு. துண்டைத் திருப்பிப் பின்பக்கத் துணியைப் பாருங்கள்: வலைபோல் மெல்லியதாக இருந்தால் சீட்டில் இழுத்து மாட்டும்போதே தையல் வாயில் விட்டுவிடும், பின்னல் துணி நெருக்கமாக இருந்தால் நான்கு பக்கமும் இழுபடும், வளைவுகளில் சுருக்கமின்றி உட்காரும். பஸ் சீட்டுக்கு வரும் ரெக்சின் உழைக்கும். ஆனால் தடிமன் அதிகமானால் கோடு கோடாக மடித்துத் தைத்த பழைய அமைப்பில் அது மடங்காது.

நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு அழுக்கைக் காட்டாது என்று பலரும் அதையே கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் கறுப்பு ரெக்சின்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுமுறை அதைக் கேட்பதில்லை. மங்கிய சிவப்பு, வெளிர் பழுப்பு, சாம்பல் ஆகியவை பழைய வண்டிக்கும் பொருந்தும், உடம்பையும் சுடாது.

துணி விரும்புவோர் கரூரில் நெய்யப்படும் கனத்த பருத்திக் கான்வாசைப் பார்க்கலாம். உட்கார இதமானது, வியர்வையை உறிஞ்சும், விலையும் மிதமானது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிக் கிடக்கும் காருக்குள் பருத்தியில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே துணி உறையைச் சீட்டோடு சேர்த்துத் தைக்காமல், கழற்றித் துவைக்கும்படி நாடாவோ ஜிப்போ வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முதல் துவையலில் பருத்தி சுருங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து உலர்த்திக் கொடுப்பது அவசியம். வேலை முடியும்வரை தற்காலிகமாக ஏதாவது விரிக்க வேண்டுமானால் ஒரு பவானி ஜமக்காளம் போதும். பெஞ்சு சீட்டில் அது பார்வைக்கும் அழகாகவே இருக்கிறது. வெல்வெட் நம் புழுதிக்கு ஆகாது. அசல் தோல் இந்தக் கட்டுரையின் செலவுக்குள் அடங்காது.

டெல்டாவில் எங்கே வாங்கி, யாரிடம் தைக்கக் கொடுப்பது?

பொருளையும் கூலியையும் பிரித்துப் பாருங்கள். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் ஆகிய ஊர்களில் ரெக்சினும் ஃபோமும் விற்கும் கடைகள் உள்ளன. அங்கு நீங்களே துணி எடுத்து டெய்லரிடம் கூலிக்குக் கொடுத்தால் எந்தத் தரம் போடப்பட்டது என்ற சந்தேகம் எழாது. கரூர் பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்போன ஊர் என்பதால் வண்டிச் சீட்டுக்கான பொருள்களும் வேலை தெரிந்தவர்களும் அங்கே அதிகம். சீட்டின் சட்டமே உபயோகமற்றுப் போய்விட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சீட்டுகளைத் தேடலாம். பிற கார் பொருள்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது.

தைப்பவரைத் தேர்ந்தெடுப்பதில், கார் அலங்காரக் கடையைவிடப் பழைய குஷன் கடை மேல் என்று சொல்லலாம். புதிய கார்களுக்குக் கணினியில் வெட்டி வந்த உறையை மாட்டிப் பழகியவருக்கு ஸ்பிரிங் கட்டும் வேலை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. லாரி, பஸ், சோபா எனப் பல காலம் பார்த்தவர் சீட்டைத் தொட்ட உடனே எந்த ஸ்பிரிங் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களின் கடைக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகைகூட இருக்காது. மெக்கானிக்கிடம் கேட்டால் வழி சொல்வார்.

எவ்வளவு துணி பிடிக்கும்? கூலியை எப்படிப் பேசுவது?

ரெக்சின் வழக்கமாக 54 அங்குல அகலத்தில் சுருளாக வரும். உங்கள் பெஞ்சு சீட்டின் அகலமும் தையலுக்கு விடும் ஓரமும் சேர்ந்து அந்த 54 அங்குலத்துக்குள் அடங்கினால் உட்காரும் பகுதியை ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வெட்டிவிடலாம். அடங்காவிட்டால் சுருளின் நீளவாக்கில் வெட்ட வேண்டும், அப்போது கழிவு கூடும். இதை டேப் வைத்து அளந்துகொண்டு போனாலே கடைக்காரர் இரண்டு மீட்டர் அதிகமாகத் தலையில் கட்ட முடியாது. கோடு கோடாக மடித்துத் தைக்கும் அமைப்பு என்றால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும் என்பதையும் கணக்கில் சேருங்கள். முதுகின் பின்புறம், சீட்டின் பக்கவாட்டு போன்ற மறைவான இடங்களுக்கு மலிவான ரெக்சின் போட்டு, உட்காரும் இடத்துக்கும் சாய்மானத்துக்கும் மட்டும் நல்லதைப் போடுவது பழைய டெய்லர்களே செய்யும் சிக்கனம். நிறம் ஒத்திருந்தால் வித்தியாசம் தெரியாது.

கூலி பேசும்போது மொத்தமாக ஒரு தொகை பேசாமல், பிரித்தல், ஸ்பிரிங் கட்டுதல், தையல், மாட்டுதல் எனத் தனித்தனியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நூல் யாருடையது என்பதையும் அப்போதே முடிவுசெய்ய வேண்டும். சாதாரணப் பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலுக்கு ஆகும் அதிகச் செலவு மொத்தத் தொகையில் ஒரு பொருட்டே அல்ல. தையலும் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று எண்ண வேண்டாம். ரெக்சினில் ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழிந்து வந்துவிடும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போதுமானது.

பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. கிழிந்த உறையே புதிய உறைக்கு வெட்டு மாதிரி. தையலைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் இடது, வலது, மேல், கீழ் என்று குறித்து, தரையில் விரித்துப் படம் எடுத்து வையுங்கள். மாதிரி இல்லாமல் வெறும் அளவை வைத்துத் தைப்பவர் சீட்டின் ஓரத்து வளைவைப் பெட்டிபோல் ஆக்கிவிடுவார். தையல் ஓரத்தில் கயிறுபோல் புடைத்து ஓடும் பைப்பிங்கின் இடமும் தவறிவிடும். வேலை முடிந்த பிறகும் அந்தத் துண்டுகளைக் கட்டி எடுத்து வாருங்கள். அசல் நிறம் வெயில் படாத மடிப்புக்குள்தான் மிஞ்சியிருக்கும், அடுத்த முறை நிறம் பார்க்க அது உதவும்.

எலி சீட்டைக் குதறிவிடுகிறது. என்ன செய்வது?

வயல் சூழ்ந்த ஊர்களில் இது உறையைவிடப் பெரிய பிரச்சினை. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் கொட்டகை தேடி வரும். ஓடாமல் நிற்கும் காரின் பின்சீட்டு அவற்றுக்கு நாரும் பஞ்சும் நிறைந்த வீடு. காரின் டிக்கியில் நெல் மூட்டையோ விதையோ வைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் இடையே உள்ள தடுப்பில் பெரும்பாலும் துளைகள் இருக்கும். சீட்டு வெளியே இருக்கும்போதே அவற்றைச் சிறு கண் கொண்ட இரும்பு வலையால் அடைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை வண்டியை எடுப்பதும் பின்சீட்டைத் தூக்கிப் பார்ப்பதும் அந்துருண்டையைவிட அதிகப் பயன் தரும். எலி மருந்து வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தின்ற எலி சீட்டுக்குள்ளேயே போய்ச் செத்தால் நீங்கள் இரண்டாம் முறை டெய்லரிடம் போக வேண்டியிருக்கும்.

மழைநீர் புகுந்த சீட்டைக் காப்பாற்ற முடியுமா?

நல்ல தண்ணீர் என்றால் முடியும், உடனே பிரித்தால். நனைந்த ஃபோம் மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சட்டத்தை அரிக்கும். சாக்கையும் பஞ்சையும் கழித்துவிட்டு, சட்டத்தைக் கழுவிக் காயவைத்து, துருத் தடுப்பு அடித்துப் புதிதாகக் கட்டுவதுதான் கடைசியில் மலிவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே இந்த வேலையை மெதுவாகச் செய்துவிடுகிறது. அங்குள்ளவர்கள் வெள்ளம் வராவிட்டாலும் சீட்டின் அடிச்சட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வெள்ளைத் துண்டு போர்த்தினால் போதாதா?

கலெக்டர் வண்டிபோல் பூத்துவாலை போர்த்துவது உண்மையிலேயே மிகக் குறைந்த செலவில் முடிகிற ஏற்பாடு. நல்ல நிலையில் உள்ள ரெக்சினைக் காக்க அது போதும்; இறங்கிப்போன சீட்டை அது மறைக்குமே தவிரத் திருத்தாது. துண்டை அப்படியே விரித்தால் நகரும் என்பதால் நான்கு மூலையிலும் நாடா தைத்துச் சீட்டுக்கு அடியில் முடிச்சுப் போட வேண்டும்.

கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி கொடுக்கிறோம். எந்த உறை தாங்கும்?

ஜானவாசத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் போய்வரும் வண்டியில் சந்தனம், மஞ்சள், குங்குமம், பன்னீர், நசுங்கிய மல்லிகை எல்லாம் சீட்டில் சேரும். சந்தனம் காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் கோட்டு மடிப்புகளுக்குள் இறங்கிப் பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டியிருக்கும். குங்குமம் வெளிர் ரெக்சினில் கறையாகத் தங்கிவிடும். மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுக்கும் என்பதால் அதைத் தேய்த்துத் தேய்த்து ரெக்சினைப் பாழாக்க வேண்டாம்; சீட்டை வெளியே எடுத்து வெயிலில் வைத்தாலே நாளடைவில் மங்கிவிடும். இத்தகைய வண்டிக்குக் கோடு இல்லாத, வழவழப்பான, நடுத்தர நிறம் கொண்ட ரெக்சினே ஏற்றது. கறையைப் போக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்கவே கூடாது. ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளை அவை உறிஞ்சிவிடும். துடைத்த அன்று பளபளக்கும், பிறகு விறைத்து வெடிக்கும்.

உறையை மாற்றினால் வின்டேஜ் பதிவுக்குத் தடை வருமா?

வராது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனம் வின்டேஜ் வகையில் பதிவு பெறலாம். சீட் உறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பெஞ்சு சீட்டை அறுத்தெறிந்துவிட்டு இக்காலத் தனிச் சீட்டுகளைத் தரையில் துளையிட்டுப் பொருத்துவது வேறு விஷயம். பார்வையிடும் அதிகாரி கேள்வி எழுப்ப அது இடம் கொடுக்கும். மேலும் அந்தப் பதிவு பெற்ற வண்டியை வணிக நோக்கில் ஓட்ட அனுமதி இல்லை. முந்தைய கேள்வியைக் கேட்டவர்கள், அதாவது கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோர், விண்ணப்பிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்குப் பிரிட்டனில் அசல் வடிவத்தில் உறைகள் தைத்து விற்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் இங்கே சீட்டு முழுவதையும் பிரித்துக் கட்டுவதைவிட அதிகமாகிவிடும். கண்காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் தவிர இதில் பொருள் இல்லை.

எந்த மாதத்தில் வேலைக்குக் கொடுப்பது நல்லது?

பொங்கல் கழிந்து மாசி, பங்குனியில் கொடுங்கள். காற்றில் ஈரம் குறைந்திருப்பதால் ஃபோம் ஒட்டும் சொல்யூஷன் நன்றாகப் பிடிக்கும், அடித்த பெயின்ட் விரைவில் உலரும், ரெக்சினும் இளவெயிலில் சற்றுக் காய்ந்து இளகினால் இழுத்து மாட்ட எளிதாக இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் எல்லா வண்டிக்காரர்களும் கடையில் நிற்பார்கள். அப்போது கொடுத்தால் வேலை அவசரப்படும், கூலியும் இறங்காது. எந்த மாதமானாலும் துணிக்குரிய தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, முன்சீட்டை முதலில் முடித்துத் தரச் சொல்லுங்கள். அதில் நான்கு நாள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, சாய்மானமும் உயரமும் உடம்புக்கு ஒத்துவந்தால் பின்சீட்டையும் அவரிடமே கொடுக்கலாம்.